அருவிக்குக் கீழே சிற்றாறு

ஜூலை மாதம் குற்றாலத்துப் பேரருவியில் தலைகொடுத்து நிற்கிறவரிடம், இந்தத் தண்ணீர் இறங்கி எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் சொல்லத் தெரியாது. அருவியாக விழுவது ஓர் ஆறு, அதற்குச் சிற்றாறு என்று பெயர், மலையில் பிறந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது என்பதெல்லாம் வந்து குளித்துப் போகிறவர்கள் எண்ணத்தில் இருப்பதில்லை. பேரருவியின் உயரம் 60 மீட்டர் என்பார்கள். அந்த அறுபது மீட்டருக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட மிச்ச ஆற்றுக்குக் கிடைத்ததில்லை. அருவியைப் பாடிய புலவர்கள் உண்டு, படம் எடுத்தவர்கள் உண்டு, அதன் பக்கத்திலேயே வந்து குடியிருந்த ரசிகமணி டி.கே.சி. போன்ற ரசிகர்கள் உண்டு. அருவிக்குக் கீழே வயலுக்கும் குளத்துக்குமாகப் பிரிந்து பிரிந்து போகும் ஆற்றை நின்று பார்த்தவர்கள், அதை நம்பி நாற்றுப் பாவியவர்கள் மட்டுமே.

மலையில் அதன் வழி சுருக்கமானது. தேனருவி, செண்பகாதேவி, பிறகு பேரருவி. நடுவில் பாறை குடைந்த பொங்குமாங்கடல் விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் பேரருவியின் கீழே மனிதர் நிற்க முடிகிறது. இந்த மலைக்கு ஏன் இந்தப் பருவத்தில் மழை என்பதைச் சொல்லாமல் ஆற்றைச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத்தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடும். கிழக்கே இருக்கும் நமக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலை தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியே ஈரக்காற்று நுழைந்துவிடுகிறது. குற்றாலத்திலும் தென்காசியிலும் வெயிலுக்கு நடுவே தூறும் சாரல் அதன் வரவுதான். தென்காசிக் கோபுரவாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றும் அதே வழியாக வருகிறது. ஆனால் ஈரம் அதிக தூரம் வருவதில்லை. பாவூர்ச்சத்திரம் தாண்டினால் மேகம் தலைக்கு மேல் ஓடும், காற்று வேட்டியைப் பறிக்கும், மண் நனையாது. அதே காற்றில்தான் சுந்தரபாண்டியபுரம் தொடங்கிக் கிழக்கே கயத்தாறு வரை காற்றாலைகள் சுற்றுகின்றன. மழை பெய்யாத ஊர்களுக்கு மழை பெய்த ஊரின் நீரைக் கொண்டுபோவது சிற்றாற்றின் முதல் வேலை.

அது தனி ஆறும் இல்லை. ஐந்தருவியாறு வருகிறது. செங்கோட்டைப் பக்கமிருந்து குண்டாற்றைச் சேர்த்துக்கொண்டு அரிகர நதி வருகிறது. பழைய குற்றாலத்துப் பக்கம் அழுதகண்ணி ஆறு. மேக்கரை மலையில் பிறந்து, வடகரை, பண்பொழி வழியாகச் சுற்றிவரும் அனுமன் நதி, கடையநல்லூர் மலையின் கருப்பாநதி நீரையும் எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூர் அருகே சேர்கிறது. இராமன் படைக்குத் தாகம் எடுத்தபோது அனுமன் பாறையைத் தட்டி நீர் வரவழைத்தான் என்று அந்த நதிக்குக் கதை சொல்வார்கள். ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்ததும் இந்தக் கூடுதுறை ஊரில்தான். இருதாலய மருதப்பத் தேவர் அங்கே இருந்துதான் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தார். கழுகுமலைக்குக் காவடி தூக்கி நடந்த கால்களுக்கென்று பிறந்த ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த ஆற்றங்கரை அரண்மனையின் சோற்றில் வளர்ந்தது.

இந்தத் துணையாறுகளில் குண்டாற்றுக்கு அணை உண்டு; 36 அடி. கருப்பாநதிக்கு 72 அடி. அனுமன் நதியின் குறுக்கே மேக்கரையில் அடவிநயினார் அணை, 132 அடி. பருவகாலத்தில் நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் இவற்றின் நீர்மட்டம் தினமும் வரும். டீக்கடையில் முதலில் படிக்கப்படுவது அந்தப் பத்திதான். சிற்றாற்றின் பெயர் அந்தப் பத்தியில் வராது, ஏனென்றால் சிற்றாற்றில் நீரைத் தேக்கும் அணை கிடையாது. மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் பேரருவியின் வளைவைத் தண்ணீர் மூடும், குளிக்கத் தடை போடுவார்கள், அன்று இரவே தென்காசி யானைப்பாலத்துக்கு அடியில் செம்மண் நிறத்தில் இரைந்து போகும். மூன்றாம் நாள் பார்த்தால் மணலின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தெளிந்து ஓடும். நீர் வந்த வேகத்தில் போய்விடும் இப்படி ஓர் ஆற்றை நம்பி எப்படி நெல் பயிரிட்டார்கள்?

அதற்கு விடை ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கிடக்கும் கல்வரிசைகளில் இருக்கிறது. சிற்றாற்றில் 17 அணைக்கட்டுகள். தென்காசிப் பக்கம் தலையணையில் தொடங்கும் வரிசை பாவூர், மாறாந்தை, வீராணம், உக்கிரன்கோட்டை, பள்ளிக்கோட்டை, அழகியபாண்டியபுரம், செழியநல்லூர், தென்கலம் என்று கங்கைகொண்டான் வரை வருகிறது. மொத்த ஆயக்கட்டு ஏறத்தாழ 22,000 ஏக்கர். அணைக்கட்டு என்றதும் மேட்டூரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆள் உயரம்கூட இல்லாத இடங்கள் உண்டு. அது நீரைத் தேக்குவதில்லை. ஓடுகிற நீரைச் சற்றே உயர்த்திப் பக்கத்துக் கால்வாயின் வாய்க்குள் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் தன் முதுகின் மேலே வழியவிடுகிறது. வழிந்தது அடுத்த அணைக்கட்டுக்கு. கால்வாய் நீர் ஒரு குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் மறுகால் பாயும். மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும். கடைசிக் குளமும் நிறைந்தால் ஓடை வழியே மீண்டும் ஆற்றுக்கே வரும். மேல் அணைக்கட்டின் வயல்களில் பாய்ந்து கசிந்த நீரும் அப்படியே ஆற்றில் இறங்கி, கீழ் அணைக்கட்டுக்காரனுக்குப் பாசன நீராகிறது. பாவூரில் ஒரு வயலை நனைத்த தண்ணீர் இன்னும் எத்தனை வயல் பார்த்துவிட்டுச் சீவலப்பேரி போகும் என்று யாராலும் கணக்கிட முடியாது.

சிற்றாற்றின் அணை எங்கே என்று கேட்டால் இந்தக் குளங்களைத்தான் காட்ட வேண்டும். மலையடியில் ஒரே இடத்தில் கட்டியிருக்க வேண்டிய தேக்கத்தை, ஊருக்கு ஊர் பிரித்து, ஒவ்வொரு ஊரின் மேற்கே அல்லது தெற்கே ஒரு கரையாக வைத்துவிட்டார்கள். திருநெல்வேலி நிலத்தை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் டேவிட் லட்டன், இந்தச் சீமையை நன்செய்ப் பகுதி, புன்செய்ப் பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று மூன்றாகப் பிரித்தார். தாமிரபரணிக் கரை முதலாவது. வடக்கே கரிசல் இரண்டாவது. சிற்றாறு ஓடுவது பெரும்பாலும் மூன்றாவதில். குளம் நிறைந்த ஆண்டில் அது நன்செய், நிறையாத ஆண்டில் புன்செய். ஒரே வயலில் ஒரு வருடம் நெல்லும் மறுவருடம் உளுந்தும் நிற்பதை இங்கே பார்க்கலாம்.

மேல் அணைக்கட்டுகளுக்கு இரண்டு பருவமும் கைகொடுக்கும். தென்மேற்கு மழையில் கார் நெல், வடகிழக்கு மழையில் பிசான நெல். கீழே போகப் போகக் காரைப் பற்றிய பேச்சு குறையும்; ஆடிச் சாரலில் வந்த நீர் மேலேயே முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மலையிலும் சமவெளியிலும் சேர்ந்து பெய்து, மேலே எல்லாக் குளமும் பெருகி, பிறகு வந்து சேரும் நீரில் பிசானம் ஒன்றுதான் அவர்களுக்கு. தலைமடைக்காரனுக்குச் சாரல் ஒரு செய்தி. கடைமடைக்காரனுக்கு மேல் ஊர்க் குளம் மறுகால் பாய்ந்ததுதான் செய்தி. ஆற்றின் நடுக்கரை ஊர்களில் வளர்ந்த எங்களுக்குச் சிறுவயதில் மழையைவிட அந்த மறுகால் செய்திக்குத்தான் காது திறந்திருக்கும். சொல்லிவிட்டு ஓடுகிற சைக்கிளின் பின்னால் நாங்களும் ஓடுவோம்.

இப்படி நீரைப் பங்கிடும் ஊர்களுக்கு ஒழுங்கும் பேச்சுவார்த்தையும் சண்டையும் கூடவே வரும். அதன் பழைய சாட்சி மானூரில் இருக்கிறது. மானூர்ப் பெரியகுளம் சிற்றாற்றுக் கால்வாயால் நிறைவது. திருநெல்வேலிப் பக்கத்தின் பெரிய குளங்களில் ஒன்று. அந்த ஊர் அம்பலநாதர் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை. களக்குடி நாட்டு மானநிலைநல்லூர் மகாசபை கூடி, யார் சபையில் இடம்பெறலாம் என்று முடிவுசெய்து வெட்டியது அது. ஊரில் நிலப்பங்கு வேண்டும். வேதமும் தருமநூலும் கற்று நல்லொழுக்கம் உள்ளவனாக இருக்க வேண்டும். காலும் அரையும் முக்காலும் பங்கு என்று துண்டுக் கணக்கில் இனி உறுப்பினர் ஆக முடியாது. நான் பலமுறை யோசித்த விதி வேறொன்று. சபையில் எது எடுத்தாலும் ‘கூடாது, கூடாது’ என்றே முட்டுக்கட்டை போடுபவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம். கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு கடினமாக இருந்திருந்தால் இதைக் கல்லில் வெட்டியிருப்பார்கள்! சோழநாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாடநூலில் படித்த நாம், அதற்கு நூறாண்டுக்கு மேல் மூத்த மானூர்க் கல்வெட்டைச் சிற்றாற்றுக்காரர்களாக இருந்தும் படிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கும் உக்கிரன்கோட்டைதான் பழைய கரவந்தபுரம் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மதுரை ஆனைமலையில் 770இல் நரசிம்மர் குடைவரை எடுத்த பாண்டிய அமைச்சர் மாறன்காரி அந்த ஊர்க்காரர். சிறிய ஆறுதான், ஆனால் அதன் கரையில் கோட்டையும் சபையும் இருந்தன.

அந்தக் கல்வெட்டை மதிக்கிறேன். அதே நேரத்தில் அது யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். மடை திறந்தவனும், உடைப்பெடுத்த கரையில் இரவில் மண்சுமந்தவளும், நாற்று நட்டவளும் அந்தச் சபையின் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. அவர்கள் வாழ்க்கை கல்லில் ஏறவில்லை. பல நூற்றாண்டு கழித்து, ஆற்றின் மறுமுனையில், பாட்டில் ஏறியது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரியின் பழைய பெயர் முக்கூடல். முக்கூடற்பள்ளு அங்கே பிறந்த நூல். முக்கூடல் அழகருக்கு அடிமைப்பட்ட பள்ளன், அவனுடைய மூத்த மனைவி முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. வெள்ளம் வருவது, மீன்வகை, நெல்வகை, மாட்டுவகை, ஏர் பூட்டுவது, நடுவது என்று ஓர் ஆண்டின் வேளாண்மை முழுதும் அதில் உண்டு. பண்ணைக்காரன் அந்தப் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிப்பதும் உண்டு. அந்த மனைவியர் இருவரின் ஊர்ப்பெயரை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். முக்கூடல் கூடுதுறை, அதற்குக் கீழே தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டு. சிற்றாற்றின் நீர் முதலில் ஒருத்தியின் ஊரைத் தொட்டுப் பிறகு மற்றவள் ஊரில் வயலுக்குப் பிரிகிறது. சக்களத்திச் சண்டை என்று சிரித்துக் கடந்துபோகும் இடத்தில், ஒரே நீரைக் குடித்த இரண்டு ஊர்கள் நிற்கின்றன. அந்தப் பாட்டுக்குள் நெல்லின் பெயர் இத்தனை தெரிந்தவன் யார்? நிலம் இல்லாதவன். நீரையும் மண்ணையும் அதிகம் அறிந்தவனுக்கு அவற்றின் மேல் உரிமை இல்லாமல் இருந்தது என்பதுதான் இந்த ஆற்றின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. நேற்றுவரை பல குளங்களில் தண்ணீரைப் பங்கிட்ட மடைக்குடும்பனார்கள் அந்த அறிவின் கடைசி வாரிசுகள். எந்த மடையை எத்தனை நேரம் திறந்தால் எந்த வயல் நனையும் என்று கணக்குப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள். அறுவடைக் களத்தில் அவர்களுக்கு அளந்த நெல் நின்றபோது அந்த வேலையும் நின்றது.

இப்போது ஆற்றங்கரையோடு நடந்தால் என்ன தெரியும்? குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்து அருவியில் குளிக்கத் தடை இருக்கிறது, நல்லது. அருவியைத் தாண்டியதும் அந்தக் கவலை நின்றுவிடுகிறது. விடுதிக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் இறங்குகின்றன. தென்காசியைத் தாண்டும்போது ஆகாயத்தாமரை அடர்ந்த தேக்கங்களைப் பார்க்கலாம். கிழக்கே வரவரச் சீமைக்கருவேலம். கால்வாய்களில் ஊருக்குள் வரும் பகுதி குப்பைத்தொட்டியாகவும், ஊருக்கு வெளியே இருக்கும் பகுதி யாரோ ஒருவரின் வயலோடு சேர்ந்தும் கிடக்கின்றன. பத்தடி அகலம் என்று பதிவேட்டில் இருக்கும் கால்வாயைத் தாண்டிக் குதிக்க ஒரு சிறுவனுக்கு ஓட்டம் தேவைப்படாத இடங்கள் உண்டு. குளங்களில் வண்டல் ஏறி, நிறைந்ததுபோலத் தோன்றும். மடை திறந்தால் சில நாளில் தீர்ந்துவிடும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆற்றின் மேற்பாதி ஓர் ஆட்சியரிடமும் கீழ்ப்பாதி இன்னொருவரிடமும் போயின. நிர்வாகத்துக்கு அது வசதி. கடைமடைக்காரன் மனு கொடுக்க வேண்டியது தன் மாவட்டத்தில். அவன் தண்ணீர் நிற்பது பக்கத்து மாவட்டத்தில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணியின் அணைகளுக்கு மதகு உண்டு. எவ்வளவு விடுவது என்று ஓரளவுக்காவது யோசிக்க முடியும். சிற்றாற்றுக்கு மதகு கிடையாது. வந்த நீர் அத்தனையும் சீவலப்பேரிக்கு வந்து, ஏற்கெனவே கரைபுரண்ட தாமிரபரணியில் சேர்ந்தது. அவ்வளவு மழையை எந்தக் குளமும் தாங்கியிருக்காது என்பது உண்மை. ஆனால் வருடம்தோறும் வரும் சாதாரணப் பெருக்கில்கூட, மேலே நீர் இரண்டு நாளில் வடிந்துபோவதும் அதே வாரம் கீழே குளம் பாதிகூட நிறையாமல் கிடப்பதும் மழையின் குற்றமல்ல. தேக்கத்தை ஊருக்கு ஊர் பிரித்து வைத்தவர்கள் அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஊருக்கு ஊர் பிரித்து வைத்திருந்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். பொறுப்பு ஊரிடமிருந்து போய்விட்டது, தேக்கம் மட்டும் ஊரில் கிடக்கிறது.

தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சீர்செய்கிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்று கல்லில் எழுதிவைத்தான். கட்டியவன் அரசன், ஆனால் காப்பவனைத் தன்னினும் உயர்வாக நினைத்தான். தீக்கிரையாகி நெடுங்காலம் மொட்டையாக நின்ற கோபுரத்தை ஊர் கூடி எழுப்பி 1990இல் குடமுழுக்கும் செய்தது. அரசனின் வணக்கத்தைப் பெறத் தகுதியான காரியம். அதே ஊரைத் தொட்டு ஓடும் ஆற்றின் பதினேழு அணைக்கட்டுகளும் அதே மண்ணில் மனிதர் கட்டியவைதாம். அவற்றைக் கட்டியவர்களில் பலருடைய பெயர் எங்கும் இல்லை, அவர்கள் நம்மிடம் எதையும் எழுதிவைத்துக் கேட்கவும் இல்லை. கேட்காததால் நாம் செய்யாமல் விட முடியாது.

நீண்டகாலக் கோரிக்கைகள் இருக்கின்றன. சுரண்டை இரட்டைக்குளத்திலிருந்து ஊத்துமலைக்குக் கால்வாய் வெட்டி உபரிநீரைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று, நியாயமான கோரிக்கை. புதிய கால்வாய் வரட்டும். அதற்கு முன் பழைய கால்வாய்கள் ஓடட்டும். நீர்வளத்துறைக்கும் இரு மாவட்ட நிர்வாகங்களுக்கும் பாசன சங்கங்களுக்கும் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: சிற்றாற்று வேலையை ஒவ்வொரு கோடையிலும் தலையணையில் தொடங்கிப் பணம் தீரும் இடத்தில் நிறுத்தாதீர்கள். கடைசி அணைக்கட்டின் கடைசிக் குளத்தில் தொடங்கி மேற்கு நோக்கி வாருங்கள். கால்வாயின் அகலத்தைப் பதிவேட்டில் உள்ளபடி அளந்து, கல் நட்டு, ஊரறியச் சொல்லுங்கள். தென்காசி, குற்றாலம் சாக்கடை ஆற்றில் இறங்கும் இடங்களை முதலில் அடைத்துவிடுங்கள். இரு மாவட்டத்துக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஐப்பசிக்கு முன்பே நீர்ப்பங்கீட்டைப் பேசி முடியுங்கள். அந்தக் கூட்டத்தில் நிலம் உள்ளவர்களோடு, நிலமில்லாமல் அந்த வயல்களில் வேலை செய்கிறவர்களுக்கும் பேச இடம் கொடுங்கள்.